புங்கமரத்தடிப் பொறுப்பாளர்

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போகும் சாலையில் இருக்கும் தூய மத்தியாஸ் ஆலயத்தில் பூசை பார்க்க மூன்று இடங்கள் உண்டு. முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே உட்காருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை திரும்பி, யார் யார் வரவில்லை என்று பார்த்துக்கொள்வார்கள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே தூக்கம் நன்றாக வரும். மூன்றாவது, வண்டிகள் நிறுத்தும் புங்கமரத்தடி. அங்கே ஆம்பிளைகள் மட்டும் நிற்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு, அடுத்தவன் வண்டி மேல் சாய்ந்துகொண்டு, உள்ளே எல்லோரும் மண்டியிடும்போது தலையை லேசாகக் குனிவார்கள். மரத்தடியின் வழிபாட்டு முறை அவ்வளவுதான்.

மைக்கேல்ராஜ் மரத்தடிக்காரன். கல்வராயன் மலை அடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போய் சேகோ ஆலையில் இறக்கும் சின்ன யானை வண்டி ஓட்டுகிறான். கடவுள் மேல் கோபப்பட்டு அவன் வெளியே வந்தவனில்லை. மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் வீறிட்டு அழுதாள். முன் வரிசை மொத்தமாகத் திரும்பிப் பார்த்தது. மனைவி மெர்லின் அவன் தொடையில் கிள்ளி, "தூக்கிக்கினு வெளிய போய்யா" என்றாள். போனான். மரத்தடியில் காற்று நன்றாக இருந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தியது. அடுத்த வாரம் பிள்ளை அழவில்லை. இருந்தாலும் முன்னெச்சரிக்கையாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அந்தப் பிள்ளை இப்போது விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறது. இவன் இன்னும் உள்ளே திரும்பவில்லை.

மரத்தடியில் அவனுக்குத் துணை பாவாடை. கருணாபுரத்துக்காரன், மாரியம்மனைக் கும்பிடுகிறவன், சைக்கிளில் கேன் வைத்து டீ விற்கிறவன். கோயில் மணியை வைத்துத்தான் அவன் வியாபாரம். முதல் மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பான். நடுப்பூசை மணி அடித்தால் இஞ்சி தட்டுவான். "உங்க சாமி வந்துட்டாருப்பா, தலய குனி" என்று மைக்கேல்ராஜுக்கு ஞாபகப்படுத்துவதும் அவன்தான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒருநாள் கிழங்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது வெள்ளிமலையிலிருந்து தங்கை இஞ்ஞாசியம்மாள் போன் செய்தாள். அவள் அங்கே பள்ளி விடுதியில் சமையல்காரி. புருஷன் ஜான் ஜீப் ஓட்டுகிறான். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, போன மாசியில்தான் ஒரு பெண் பிறந்திருந்தது.

"அண்ணா, பாப்பாவுக்கு நம்ம கோயில்லதான் ஞானஸ்நானம். நீதான் ஞானத்தகப்பன்."

"நானா?"

"பின்ன எதுர் வூட்டுக்காரனா?"

"ஜானோட தம்பி இருக்கானே."

"இருக்கான். நாந்தான் நாந்தான்னு குதிச்சிக்கினுதான் இருக்கான். எனக்கு நீ வேணும். ஆனா ஒண்ணு, நம்ம கோயில் வழக்கம் ஞாபகம் இருக்குதில்ல? புள்ளைய கையில வெச்சிக்கினு விசுவாசப் பிரமாணத்த முழுசா நீயே சொல்லணும். திக்கினன்னு வெச்சிக்கோ, ஜான் வூட்டு ஆளுங்க நான் சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

"அது இன்னா பெரிய விஷயம்" என்று மைக்கேல்ராஜ் போனை வைத்தான்.

வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தான். வானத்தையும் பூமியையும் படைத்த இடம் நன்றாக வந்தது. கன்னிமரியிடம் பிறந்த இடமும் வந்தது. பொந்தியு பிலாத்து வந்தான். அதற்குப் பிறகு சேலம் பஸ் வந்தது.

சாலையில் இல்லை, மண்டைக்குள். ஞாயிறு காலைப் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும் நேரமும் சேலம் பஸ் கோயில் வாசலைக் கடக்கும் நேரமும் ஒன்று. வருஷக்கணக்காக, பிலாத்து பெயரைச் சொன்னதும் அந்த பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டு போகும். சத்தம் ஓய்ந்ததும் "ஆமென்" கேட்கும். ஆக மைக்கேல்ராஜின் விசுவாசத்தில் ஆண்டவர் பிலாத்துவிடம் மாட்டிக்கொண்டதோடு சரி. அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்பது பஸ்ஸில் போய்விட்டது.

ஈஸ்டருக்குப் பட்டாசு வெடிக்கிறவனுக்கு விஷயம் தெரியாமலில்லை. மெர்லினின் ஜெபப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தான். படித்தால் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னால் பஸ் வந்தது.

"புள்ளைய கையில வெச்சிக்கினு பாம் பாம்னு கத்தப்போறியா?" என்றாள் மெர்லின்.

"வந்துரும்மே. அதில்ல பிரச்சன."

"வேற இன்னா?"

மனப்பாடம் வந்துவிட்டாலும், அவ்வளவு பேருக்கு முன்னால் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு "விசுவசிக்கிறேன்" என்று சொன்னால் அது உண்மையாக இருக்குமா என்று அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கடைசியாக எதை நம்பி வாயால் சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தான். சேகோ ஆலை முதலாளியிடம் "பிரேக் நல்லா இருக்குதுங்க" என்று சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அதுவும் பொய்.

சரி, வருகிற ஞாயிறு முதல் உள்ளே போய் நிற்போம், மீதியைக் காதால் கேட்போம் என்று முடிவு செய்தான். விஷயம் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் பங்கு என்கிற அந்தக் கோயில் சபையில் வெதுவெதுப்பு ஒழிப்புக் குழு தொடங்கியிருந்தது.

பிஷப் இல்லத்து மேலிடம் அந்த ஆண்டை விசுவாசப் புதுப்பிப்பு ஆண்டு என்று அறிவித்து, ஒவ்வொரு பங்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் சூசைநாதன் புகுந்துகொண்டார். அவர் சர்க்கரை ஆலையில் எடைமேடைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கரும்பு லாரிகளை மேடையில் ஏற்றி இறக்கியவர். மனிதர்களையும் உள்ளே வருகிற லோடு, வெளியே போகிற லோடு என்றுதான் பார்ப்பார். சூடுமில்லாமல் குளிர்ச்சியுமில்லாமல் வெதுவெதுப்பாக இருக்கிறவனை வாயிலிருந்து உமிழ்ந்துவிடுவேன் என்று ஆண்டவர் வேதத்தில் சொல்லியிருக்கிறார் அல்லவா, அந்த வேலையை ஆண்டவருக்கு மிச்சப்படுத்துவதுதான் குழுவின் நோக்கம்.

மைக்கேல்ராஜ் முதலில் பங்குச்சாமியாரிடம் போனான். ஃபாதர் ஜெரின் தெற்கே இருந்து புதிதாக வந்தவர், இளைஞர்.

"சாமி, வர ஞாயித்துக்கிழம உள்ள வரலாம்னு இருக்கேன்."

"தாராளமா வாங்க. கதவு திறந்துதானே இருக்கு" என்றவர், கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "குழுகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லன்னா அவங்க மனசு கஷ்டப்படும்."

குழுவிடம் ஃபாதருக்கு ஒரு பயம் இருந்தது. அவர் வந்து இறங்கிய அன்றே சூசைநாதன் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு சொல்லியிருந்தார்: "ஃபாதருங்க வருவாங்க, போவாங்க. நாங்க இங்கயேதான் இருப்போம்."

குழுக் கூட்டம் பங்கு மண்டபத்தில் நடந்தது. ஜெபத்துக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர் கொதிக்கிற வெந்நீர் கொடுத்தார்கள். ஆற வைத்துக் குடிக்கக் கூடாது என்பது விதி. துணைச் செயலாளர் ஜெனிபர் டீச்சர் நாக்கைச் சுட்டுக்கொண்டு கண்ணில் நீரோடு "ஸ்தோத்திரம்" என்றார். மைக்கேல்ராஜும் சுட்டுக்கொண்டான். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னான்.

"நான் ரொம்ப நாளா வெளிய நின்னுக்கினு இருக்கறவங்க. உள்ள வரணும்னு தோணுது. அதான் சொல்லிட்டு..."

சூசைநாதன் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்பானவர்களே, இத்தன நாளா நாம வெதுவெதுப்ப எங்கெல்லாம் தேடினோம்! முன் வரிசையில தேடினோம். அங்க நாமதான் உக்காந்திருக்கோம், அதனால இல்லன்னு உடனே தெரிஞ்சிருச்சு. தூணுக்குப் பின்னாடி தேடினோம். அங்க இருக்கறவங்கள எழுப்பிக் கேக்கறது நாகரிகமில்ல. கடைசியில ஆண்டவரே ஒரு வெதுவெதுப்பான ஆளக் கையப் புடிச்சி இங்க கூட்டிக்கினு வந்துட்டாரு!"

எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கேல்ராஜும் எதற்கும் இருக்கட்டும் என்று தட்டினான். ஐந்து நிமிஷத்தில் அவனைப் புங்கமரத்தடிப் பொறுப்பாளராக நியமித்து, சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்திவிட்டார்கள்.

"ஐயா, நான் உள்ள வரணும்னு சொன்னேன்."

"அதுக்குத்தான் இந்தப் பொறுப்பு. வெளிய நிக்கற எல்லாரையும் நீங்க உள்ள அனுப்பணும்."

"அப்பறம் நான் வரலாமா?"

"நீங்க வந்துட்டா வெளிய இருக்கறவங்களுக்கு யாரு பொறுப்பு?"

"வெளியதான் யாரும் இருக்க மாட்டாங்களே."

சூசைநாதன் அவனைப் பரிவோடு பார்த்தார். "எடைமேடையில லாரி இல்லன்னா மேடைய விட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவாங்களா தம்பி?"

ஞானத்தகப்பன் விஷயத்தையும் கேட்டான். ஆள் சூடாகிவிட்டார் என்று குழு சொன்ன பிறகு நிற்கலாம் என்றார்கள். மரத்தடிப் பொறுப்பில் இருக்கிறவர் சூடானவரா என்று கேட்டதற்கு, மரத்தடியில் நிற்கிறவர் எப்படிச் சூடாக இருக்க முடியும் என்று ஜெனிபர் டீச்சர் திருப்பிக் கேட்டார்.

அன்றே சூசைநாதன் மரத்தடியை நேரில் ஆய்வு செய்தார். அகப்பட்டவன் பாவாடை.

"எவ்ளோ காலமா வெளிய நிக்கறீங்க?"

"டீ விக்க ஆரம்பிச்சதுல இருந்துங்க."

"உள்ள வர ஏன் மனசு வரல?"

"நான் மாரியாத்தா கும்புடற ஆளுங்க."

சூசைநாதன் தளரவில்லை. "அதுலயாவது சூடா இருக்கீங்களா?"

பாவாடை நேர்மையாக யோசித்தான். "ஆடி மாசம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். மத்தபடி கம்மிதாங்க."

"வெதுவெதுப்பு" என்று சூசைநாதன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

முதல் ஞாயிறு மைக்கேல்ராஜ் உயிரைக் கொடுத்து வேலை செய்தான். ஒவ்வொருவனையும் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். "என் தங்கச்சி புள்ள விஷயம்டா, உள்ள போங்கடா." மரத்தடிக்காரர்கள் நல்லவர்கள், ஒருவன் சங்கடத்தை இன்னொருவன் தாங்கமாட்டான். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். மரத்தடியில் வண்டிகளும் பாவாடையும் மட்டும் மிச்சம். மைக்கேல்ராஜ் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தான். சூசைநாதன் குறுக்கே வந்தார். முகத்தில் கலவரம்.

"இன்னா பண்ணிட்டீங்க தம்பி?"

"எல்லாரும் உள்ள போயிட்டாங்க ஐயா."

"எல்லாருமா? ஒருத்தரும் மிச்சமில்லியா?" அவர் மரத்தடியை எட்டிப் பார்த்தார். "மேலிடத்துல இருந்து நம்ம பணிய பாக்க ஆளு வரப்போறாங்க. வெளிய ஒருத்தனும் நிக்கலன்னா நாம எத ஒழிச்சோம்னு காட்டறது?"

குழு அவசரமாகக் கூடி வெந்நீர் குடித்தது. இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அன்பியம், அதாவது தெருவாரியான ஜெபக்குழு, முறை வைத்து வெளியே நிற்க வேண்டும் என்று தீர்மானம் ஆனது. வாழ்நாளில் பூசையைத் தவறவிடாதவர்கள், முழங்கால் தேய மண்டியிட்டவர்கள், கையில் ஜெபமாலையோடு வந்து மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். நிற்கத் தெரியவில்லை. கைகூப்பிக்கொண்டு நேராக நின்றார்கள். பார்க்க வெதுவெதுப்பாகவே இல்லை.

ஜெனிபர் டீச்சர் பயிற்சி வகுப்பு வைத்தார். அனுபவஸ்தர் என்று மைக்கேல்ராஜை முன்னால் நிறுத்தினார்கள்.

"பிரசங்கம் ஆரம்பிச்சதும் முதல்ல என்ன செய்வீங்க?"

"வண்டி சாவிய பாக்கெட்ல இருந்து எடுத்துப் பாப்பேங்க."

"எதுக்கு?"

"தெரியாதுங்க."

"அருமை" என்றார் டீச்சர். "எல்லாரும் சாவியை எடுங்க. எதுக்குன்னு தெரியாமப் பாருங்க. ஆரோக்கியமேரி, உங்க முகத்துல இன்னும் பக்தி தெரியுது."

பக்திமான்கள் வெயிலில் நிற்பது குழுவின் மனதை உறுத்தியது. பந்தல் போட்டார்கள். பிறகு நாற்காலி. பிறகு மின்விசிறி. உள்ளே நடப்பது வெளியே கேட்க வேண்டும் என்று மரத்தில் ஒலிபெருக்கி கட்டினார்கள். பாவாடை குழுவின் அதிகாரபூர்வ டீக்காரனாக ஆனான். ஆறின டீ கொடுக்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஜன்னல் வழியாக இஞ்சி வாசனை வந்தது. முறை இல்லாதவர்களும் முறையைக் கேட்டு வாங்கி வெளியே வந்தார்கள். தூணுக்குப் பின்னால் தூங்குகிறவர்கள் விசிறிக்கு அடியில் வந்து தூங்கினார்கள். ஃபாதர் ஜெரின் பிரசங்கத்தை எழுதிக்கொண்டு வருவார். நாளாக ஆக அதைக் காலி பெஞ்சுகளுக்கு நேராகப் பார்த்து வாசித்தார்.

இவ்வளவிலும் மைக்கேல்ராஜ் உள்ளே போக முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பிலாத்து வருவான், பஸ் வரும், ஆமென் வரும். ஒலிபெருக்கி வந்த பிறகு பிலாத்துவின் பெயர் மட்டும் முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது.

இஞ்ஞாசியம்மாள் போனில் பொறுமை இழந்தாள்.

"இன்னாண்ணா நீ, ஞானத்தகப்பனா நிக்கிறியா இல்லியா?"

"நிக்கறேன் இஞ்ஞாசி. குழு ஒத்துக்கணும்."

"இன்னா குழு? சுய உதவிக் குழுவா?"

"நான் சூடாயிட்டேன்னு அவங்க சொல்லணும்."

போனில் பாப்பா சிணுங்கியது. "அண்ணா, காத்தால காத்தால எதுனா குடிச்சிட்டியா?"

"சத்தியமா இல்ல."

"வர ஞாயிறு நாங்க மலயில இருந்து எறங்கறோம். ஜானோட தம்பியும் கூட வரான், வெள்ள சட்ட தெச்சி வெச்சிருக்கான். நீ நின்னா நீ, இல்லன்னா அவன். அப்பால என்ன கேக்காத."

அந்த ஞாயிறுதான் வெதுவெதுப்பு ஒழிப்புப் பெருவிழா. மேலிடத்துப் பிரதிநிதியாக வயதான ஒரு சாமியார் வந்திருந்தார். திட்டம் இதுதான்: பங்கு மக்கள் முழுவதும் வெளியே பந்தலில் கூடியிருப்பார்கள். சூசைநாதன் வரவேற்பார். பிரதிநிதி பேசுவார். பிறகு மணி அடிக்கும். மணி அடித்ததும் மொத்தப் பங்கும் ஒரே மூச்சில் உள்ளே பாயும். அதை மாடியிலிருந்து வீடியோ எடுப்பார்கள். பூசையும் ஞானஸ்நானமும் அதற்குப் பிறகு.

சூசைநாதன் பேசத் தொடங்கினார்.

"உள்ளே செல்லுங்கள்! இன்றே செல்லுங்கள்! இந்த நொடியே செல்லுங்கள்!" என்றார். இரண்டொருவர் எழுந்தார்கள். "யாரும் எழுந்திருக்க வேண்டாம். இன்னும் மணி அடிக்கல" என்று உட்கார வைத்தார். "அன்பானவர்களே, தாமதிக்கிறவன்தான் வெதுவெதுப்பானவன். தாமதம் எத்தனை வகைப்படும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன்."

முதல் வகையிலேயே பாவாடை இரண்டாம் கேனை இறக்கினான். பிரதிநிதிக்குத் தலை ஆடியது. ஃபாதர் ஜெரின் பூசை உடுப்போடு உள்ளே காத்திருந்தார். அவரைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. இஞ்ஞாசியம்மாள் பாப்பாவோடு இறங்கினாள். பின்னால் ஜான், அவனுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் அவன் தம்பி. மலைப் பாதையின் வளைவுகளில் எல்லாம் சொக்கித் தூங்கிக்கொண்டு வந்த பாப்பா, பந்தலுக்குள் நுழைந்து ஒலிபெருக்கிக்குக் கீழே வந்ததும் கண்ணைத் திறந்தது. சூசைநாதன் "நான்காவது வகைத் தாமதம்!" என்று கர்ஜித்தார். பாப்பா வாயைத் திறந்தது.

அது மலைக் காற்றில் வளர்ந்த தொண்டை. சூசைநாதன் நிறுத்தினார். முன் வரிசை, அது வெளியே வந்தும் முன் வரிசையாகத்தான் உட்கார்ந்திருந்தது, மொத்தமாகத் திரும்பிப் பார்த்தது. வீடியோக்காரன் கையை ஆட்டினான்.

"யாருப்பா அது? பிள்ளையை வெளியே தூக்கிக்கிட்டுப் போங்க!" என்று மைக்கில் சொன்னார் ஜெனிபர் டீச்சர்.

மெர்லினின் கை பழைய வழக்கப்படி மைக்கேல்ராஜின் தொடைக்குப் போனது. "யோவ், தூக்கிக்கினு வெளிய போ" என்று கிள்ளினாள்.

அவன் உடம்புக்குத் தெரிந்த ஒரே கட்டளை அது. தங்கை கையிலிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். வெளியே போக வேண்டும். சுற்றிப் பார்த்தான். வெளியே முழுக்கப் பந்தல். பந்தல் முழுக்கப் பங்கு. ஒலிபெருக்கியும் கூட்டமும் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. மைக்கேல்ராஜ் பிள்ளையைத் தட்டிக்கொண்டே படியேறி உள்ளே போனான். படியில் பாப்பா அவன் சட்டையை இழுத்ததில் பேட்ஜ் பிய்ந்து கீழே விழுந்தது. அவன் கவனிக்கவில்லை.

உள்ளே குளிர்ந்து இருந்தது. முன் பெஞ்சில் ஃபாதர் ஜெரின் தனியாக உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"மணி அடிச்சாச்சா?"

"இல்ல சாமி. புள்ள அழுதுச்சி. வெளிய தூக்கிக்கினு வந்தேன்."

ஃபாதர் அவனைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், காலியான பெஞ்சுகளைப் பார்த்தார். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே இஞ்ஞாசியம்மாள், ஜான், மெர்லின், வெள்ளைச் சட்டை எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

"இவங்க எல்லாம் யாரு?"

"இவங்கதான் சாமி ஞானஸ்நானத்துக்கு வந்தவங்க."

"அப்போ இன்னும் என்ன வேணும்?" என்றார் ஃபாதர். கேட்ட பிறகுதான் அவருக்கே அந்தக் கேள்வி பிடித்துப்போனது மாதிரி இருந்தது. "யாரு ஞானத்தகப்பன்?"

வெள்ளைச் சட்டை ஓர் அடி முன்னால் வந்தது. இஞ்ஞாசியம்மாள் அண்ணனைப் பார்த்தாள்.

"குழு இன்னும் ஒத்துக்கலீங்க" என்றான் மைக்கேல்ராஜ்.

"குழு வெளியேல்லா இருக்கு" என்றார் ஃபாதர். "நான் உங்களைக் கேக்கேன். நிப்பீங்களா?"

"நிக்கறேன் சாமி. ஆனா பாதி வரைக்கும்தான் வரும். பிலாத்துக்கு மேல போனதில்ல. அதுவும் நெஜமா சொல்வேனான்னு தெரியல."

"பிலாத்து வரைக்கும் வாங்க. மீதிய அப்புறம் பாத்துக்கிடலாம்."

ஞானஸ்நானத் தொட்டியண்டை நின்றார்கள். ஃபாதர் பூசைப் பழக்கத்தில் கழுத்து மைக்கைப் போட்டுவிட்டார். வெளியே சூசைநாதன் ஐந்தாவது வகைக்கு முன்னால் வெந்நீர் குடிக்க நிறுத்திய இடைவெளியில், மரத்திலிருந்து மைக்கேல்ராஜின் குரல் கேட்டது. முன்பின் பழக்கமில்லாத குரல். வானம் வந்தது, பூமி வந்தது, கன்னிமரி வந்தாள். பந்தல் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிரதிநிதிக்குத் தூக்கம் கலைந்தது.

"பொந்தியு பிலாத்து..." என்றது மரம். நின்றுவிட்டது.

உள்ளே மைக்கேல்ராஜ் காத்திருந்தான். பழக்கம். பாப்பா அவன் மூக்கைப் பிடித்தது. சொல்லிவைத்த மாதிரி சாலையில் சேலம் பஸ் வந்தது. ஆனால் அந்தச் சுவர்கள் பழைய காலத்துச் சுவர்கள். உள்ளே அந்த ஹாரன் ஒரு கொசுவின் சத்தத்துக்குத்தான் கேட்டது. இவ்வளவுதானா இது என்று மைக்கேல்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு வாயைத் திறந்தான். பாடுபட்டார் என்றான். அறையுண்டார், இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார் என்றான். மூன்றாம் நாளுக்கு வந்தபோது, பஸ்ஸை முந்துகிற வண்டிக்காரன் மாதிரி குரலை உயர்த்தி, ஒரே கத்தாகக் கத்தினான்: "உயிர்த்தெழுந்தார்!" நிஜமாகச் சொல்கிறோமா என்று சந்தேகப்பட நேரம் கிடைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு பார்த்தால், அது நிஜமாக இருந்தது.

வெளியே யாருக்கும் அது கேட்கவில்லை. பஸ் முழுவதையும் விழுங்கிவிட்டது.

"அப்பறம் இன்னா சொன்னான்?" என்றான் பாவாடை, கேனைப் பிடித்தபடி. பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கும் தெரியவில்லை. ஒருவன் எட்டிப் பார்க்கக் கதவுவரை போனான், திரும்பவில்லை. இன்னும் இரண்டு பேர் அவன் எங்கே என்று பார்க்கப் போனார்கள். பிறகு நாற்காலிகள் தாறுமாறாக நகர்ந்தன. ஆரோக்கியமேரி சாவியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். முன் வரிசை, தன் இடத்தை யாராவது பிடித்துவிடப் போகிறார்களே என்று பதறி, எல்லோரையும் தள்ளிக்கொண்டு ஓடியது. ஜெனிபர் டீச்சர் "வரிசை, வரிசை" என்று கத்திக்கொண்டே வரிசை இல்லாமல் ஓடினார். பிரதிநிதி அங்கி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

"மணி அடிக்கல!" என்று சூசைநாதன் மைக்கில் அலறினார். "மணி அடிக்காம யாரும் உள்ள போகக் கூடாது! போனவங்க எல்லாம் உடனே வெளிய வாங்க, முறைப்படி திரும்ப உள்ள போகலாம்! மரத்தடிப் பொறுப்பாளர் மைக்கேல்ராஜ் எங்கிருந்தாலும் உடனே மரத்தடிக்கு வரவும்!"

யாரும் வரவில்லை. அவரும் கதவுவரை போனார். படியில் பேட்ஜ் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தார். உள்ளே பார்த்தார். பொறுப்பாளர் இல்லாமல் மரத்தடி ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. ஒரு பெருமூச்சு விட்டுப் பேட்ஜைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு திரும்பிப் போய் நின்றார். பாவாடை அவருக்கு ஒரு டீ கொடுத்தான்.

"ஆறிப்போச்சுங்க. பரவால்லியா?"

உள்ளே நெரிசல். ஃபாதர் பாப்பாவின் தலையில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் சில்லென்று இருந்தது போலிருக்கிறது. பாப்பா மலையே இடிகிற மாதிரி கத்தியது. முன் வரிசை திரும்பிப் பார்த்தது. மெர்லினின் கை தானாக மைக்கேல்ராஜின் தொடைப்பக்கம் போய், பாதியில் நின்றது.

"வெளிய எங்க போறது? அங்கதான் அந்த ஆளு நிக்கறாரே" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது. மைக்கேல்ராஜ் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.